பெருவிரல் கரி

மூன்றாம் நாள் காலையிலும் அந்த முகத்தின் மேல் புதிதாகக் கரி இருந்தது.

ஒரு பெருவிரல் அளவு. எண்ணெயில் குழைந்த விளக்குக் கரி. முந்தின நாள் மாலை நான் துடைத்து நிறுத்தியிருந்த இடத்திலேயே, நெற்றிக்குச் சற்றுக் கீழே, அழுத்தி வைத்திருந்தார்கள். விரல் ரேகைகூடப் பதிந்திருந்தது.

நான் அதைத் துடைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், நடுவில் நாலு வீடு அகலத்துக்கு எங்கள் பெல்லெஸ்த்ரீனா தீவு. பனி இறங்கிவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். எங்கோ ஒரு படகு தண்ணீரில் போகிறதா தெருவில் போகிறதா என்று சொல்ல முடியாது.

அறுபத்தாறாம் வருஷம் நவம்பர் நாலாம் தேதி கடல் கல்சுவரை உடைத்துக்கொண்டு தீவுக்குள் வந்தது. கோயிலுக்குள் இடுப்பளவு தண்ணீர். பீடத்துக்குப் பக்கச் சுவரில் தொங்கிய பழைய படம் ஒரு பகலும் ஓர் இரவும் பாதி நனைந்து நின்றது. அதைக் காப்பாற்ற டிசம்பர் தொடக்கத்தில் வெனிஸிலிருந்து என்னை அனுப்பினார்கள். பழைய படங்களைச் செப்பனிடுவது என் தொழில். என் அம்மா இந்தத் தீவுக்காரி. அதனால் இவர்கள் என்னோடு சண்டை போடமாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

தீவு முழுவதற்கும் நாலைந்து குடும்பப் பெயர்கள்தான். அதனால் யாரையும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, அதுதான் பெயர். நான் படகைவிட்டு இறங்கியதும் கோயில் சாவி வைத்திருக்கும் பல்மீரா கரையில் நின்றவர்களிடம் சொன்னாள்: “ஊமையன் வீட்டுப் பேத்தி நீவெஸ் வந்திருக்கா. இனிமே கோயில்ல சத்தமே இருக்காது.”

அவள் சொன்னது சரிதான். பின்னறையில் நீண்ட மேசைமேல் படத்தை மல்லாத்திவைத்து, பத்து நாள் யாரோடும் பேசாமல் உலர்த்தினேன். உப்பு வெள்ளையாகப் பூத்து வந்ததை மெல்ல எடுத்தேன்.

கரைமாதா என்று அந்தப் படத்துக்குப் பெயர். கடற்கரையில் ஒரு பெண் முழங்கால் மடங்கி, இரண்டு கைகளையும் நீட்டியபடி இருக்கிறாள். அலை ஒரு செத்த மனிதனை அவளை நோக்கிக் கொண்டுவருகிறது. மூழ்கிப்போனவர்களைக் கரையில் நின்று வாங்கிக்கொள்ளும் மாதா என்று தலைமுறை தலைமுறையாக இங்கே மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். வெள்ளத் தண்ணீரில் அவள் தலையைச் சுற்றியிருந்த ஒளிவட்டம் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. அது பிற்காலத்தில் யாரோ சேர்த்தது. மேல் மூலையின் பழுப்பைத் துடைத்தபோது, நீல முதுகும் செம்மண் வயிறுமாக இரண்டு மீன்கொத்திகள் வெளியே வந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்குக் கதை தெரிந்துவிட்டது.

பங்குச் சாமியார் தோன் எஜீதியோவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அப்போ இது மாதா இல்லையா?”

“இல்ல சாமி. அல்சியோனேன்னு ஒரு ராணி. நம்ம வேதத்துக்கு முந்தின கதை.”

அவர் மெல்ல உட்கார்ந்தார். “முந்நூறு வருஷமா ஒரு அஞ்ஞானிக்கா மண்டியிட்டோம்?”

“அதனால என்ன சாமி?” என்றாள் பல்மீரா, துடைப்பத்தை நிறுத்தாமல். “முந்நூறு வருஷமா நம்ம புலம்பலைக் கேட்டதுல அவளுக்கும் ஞானஸ்நானம் ஆயிருக்கும்.”

சாமியார் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்தார். பிறகு, “ஒளிவட்டத்தைப் பத்தி வெளியில யாரும் பேச வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால படம் சுவர்ல இருக்கணும். முகத்தையும் சுத்தம் பண்ணிடும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது ராணியின் முகத்தை அல்ல, செத்தவனின் முகத்தை. அவனுக்கு முகமே இல்லை. கழுத்துக்கு மேலே தடித்த ஒரு கருப்பு மேடு, அவ்வளவுதான். அது ஏன் என்று தீவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். புருஷன் கடலுக்குப் போகிற காலையில் பெண்டாட்டி கோயிலுக்கு வந்து, விளக்கின் கரியைப் பெருவிரலில் எடுத்து அந்தச் செத்தவனின் முகத்தில் வைப்பாள். முகம் தெரிந்தால் அவன் யாரோ ஒருத்தியின் புருஷன். தெரியாத வரைக்கும் அவன் யாருமில்லை. என் அம்மாவும் வைத்திருக்கிறாள்.

தைலங்களால் அந்த மேட்டை இரண்டு நாளில் கரைத்து இறக்கினேன். மெல்லிய படலம் ஒன்றுதான் மிச்சம். அதற்கு அடியில் ஒரு கன்னத்தின் நிறம் தெரிவது போலவும் தெரியாதது போலவும் இருந்தது. அங்கேதான் தினமும் புதுக் கரி.

நாலாம் நாள் விடிந்த உடனே வந்து, அலமாரிப் பக்கம் பேசாமல் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கம்பளிச் சால்வை போர்த்திய ஒருத்தி உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெருவிரல் ஏற்கெனவே கருப்பாக இருந்தது. என்னைப் பார்த்தாள், திடுக்கிடவில்லை. நேராக மேசைக்குப் போய், குனிந்து, வைத்தாள்.

“தினமும் நான் அழிக்கிறேனே அக்கா,” என்றேன்.

“அழி. அது உன் வேலை. வைக்கிறது என் வேலை.”

அவள் ஜெல்மினா. நண்டு வீட்டு மருமகள். அவளை எனக்கு முன்பே தெரியும், அதாவது அவள் வீட்டுத் துணிக்கொடியைத் தெரியும். திங்கட்கிழமை துவைக்கும் நாள். அந்த வாரத் திங்கட்கிழமை நானும் பல்மீராவும் அவள் வீட்டுச் சந்து வழியே போனபோது, அவளுடைய உடுப்புகளுக்கு நடுவில் ஆண்பிள்ளையின் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பல்மீரா என் கையைக் கிள்ளினாள். “அது துல்லியோ சட்டை. ஆளு போய் ஒன்றரை மாசம் ஆச்சு. போடாத சட்டையை வாராவாரம் துவைக்கிறா.”

வெள்ளத்துக்கு முந்தின நாள் ஜெல்மினாவின் புருஷன் துல்லியோவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு படகில் போனார்கள். படகின் முன்பலகை மட்டும் கல்சுவரில் ஒதுங்கியது. மற்ற இரண்டு பேருக்கும் வீட்டார் கேட்டு, உடல் இல்லாமலே பூசை நடந்தது. துல்லியோவின் பெயரைப் படிக்கக் கூடாது என்று ஜெல்மினா சொல்லிவிட்டாள். அவள் துக்கக் கருப்பும் உடுத்தவில்லை. அவள் வாயால் சரி என்று சொல்லட்டும் என்று சாமியார் காத்திருந்தார்.

அன்றிலிருந்து நான் அந்த முகத்தைத் தொடவில்லை. சாமியார் எட்டிப் பார்த்தபோது, “படத்துல வானம் துடைக்கிறது இன்னும் முடியல சாமி,” என்றேன். வானம் எப்போதோ முடிந்திருந்தது.

ஜெல்மினா போகவுமில்லை. மறுநாள் லேஸ் பின்னும் திண்டோடு வந்து ஜன்னலருகே உட்கார்ந்தாள். நூல் சுற்றிய கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சின்னச் சத்தம், என் பஞ்சுக் குச்சி படத்தின் துணியில் உரசும் சத்தம். வேறு ஒன்றுமில்லை. அந்த வாரம் கடல்கூட சத்தம் போடவில்லை. கல்சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. பனிக்குள் மணி அடித்தால் அடித்த இடத்திலேயே நின்றுவிடும். நாங்கள் இருவரும் ஒரே தூக்கத்துக்குள் இருப்பது போல எனக்கு இருந்தது.

பிற்பகலில் நான் பஞ்சுக் குச்சியை வாயில் வைத்து நனைத்ததைப் பார்த்து அவள் கை நின்றது.

“எச்சியா?”

“எச்சிதான். மத்த மருந்தெல்லாம் ஆன பிறகு, கடைசி அழுக்குக்கு இதைவிட நல்லது கிடையாது. சூடு சரியா இருக்கும். படத்தைக் கடிக்காது.”

“இதைப் படிக்கத்தான் வெனிஸுக்குப் போனியா? எங்க மாமியார் கோழிக்கால் பிடிக்கிற கையால எச்சி தொட்டு ஊர்க் குழந்தைங்க மூஞ்சியெல்லாம் துடைச்சா. அவளுக்கு ஒரு பட்டமும் கொடுக்கல.”

வாளியோடு வந்த பல்மீரா, “ஊமையன் வீட்டுக்காரங்க பேசாம சேர்த்து வெச்ச எச்சி. அதான் இவ்வளவு வேலை செய்யுது,” என்றாள்.

ஜெல்மினா சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். சிரித்த முகத்தோடு அவள் அப்படியே உறைந்துவிட்டாள், தவறான வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவள் போல. பிறகு மறுபடி கட்டைகள் சத்தம் போட ஆரம்பித்தன.

“பஞ்சு தீரப்போகுது,” என்று பல்மீராவிடம் சொன்னேன். “நல்லா நைஞ்சுபோன பருத்தித் துணி இருந்தா கொண்டு வாங்க. துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆனது.”

“இந்த ஊர்ல நைஞ்சதைத்தான் உடுத்தியிருக்கோம். உனக்குக் கொடுத்துட்டு எதைக் கட்டுறது?” என்று போய்விட்டாள்.

சனிக்கிழமை ஜெல்மினா பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“அவன் போன அன்னிக்குக் காலையில நான் கரி வைக்க வரல. தெரியுமா உனக்கு?”

நான் படத்திலிருந்து நிமிர்ந்தேன்.

“சண்டை. என்ன சண்டைன்னு கேளு.”

“என்ன சண்டை?”

“வெங்காயம். படகுக்கு மத்தி பொரிச்சுப் புளிக்காடியில ஊற வெச்சேன். வெங்காயம் கம்மின்னான். அவங்க அம்மா அள்ளி அள்ளிப் போடுவாளாம். அப்போ அவ குழிக்கிட்ட போய்க் கேளுன்னேன். கதவைச் சாத்திட்டுப் போனான். நான் போகல. இருபது வருஷத்துல அந்த ஒரு நாள்தான் போகல.”

கட்டைகள் நின்றுவிட்டன.

“அன்னிக்கு வைக்காததை இப்போ வைக்கிறேன். அவன் வர்ற வரைக்கும் அந்த மூஞ்சி தெரியக் கூடாது. நீ அதைத் திறந்தா…” அவள் முடிக்கவில்லை.

குச்சியைத் துடைத்துக் கீழே வைத்தேன். அவளே கேட்டாள்: “இவ மாதா இல்லேன்னு சாமியாரும் பல்மீராவும் குசுகுசுன்னு பேசிக்கிறாங்க. பின்னே யாரு?”

சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றுவரை நினைக்கிறேன்.

“ஒரு ராணி. அவ புருஷன் கப்பல்ல போனான். புயல்ல செத்துட்டான். அவளுக்குத் தெரியாது. தினமும் கோயிலுக்குப் போய், அவன் நல்லபடியா வரணும்னு சாம்பிராணி போட்டா. அவன் போட வேண்டிய சட்டையைக்கூட நெய்து வெச்சிருந்தா. செத்துப்போனவனுக்காக ஒருத்தி இப்படிக் கேக்கறதைத் தெய்வத்தால தாங்க முடியல. அதனால தூக்கத் தெய்வத்தோட மகனை அனுப்பிச்சுது. அவன் அவ புருஷன் உருவத்துல கனவுல வந்தான். நான் செத்துட்டேன், எனக்காகக் கும்பிடறதை விட்டுட்டு அழு, அழுகையில்லாம என்னை அனுப்பிடாதேன்னு சொன்னான்.”

“எப்படி வந்தான்?”

“எப்படின்னா?”

“நனைஞ்சா, காய்ஞ்சா?”

“நனைஞ்சு. தாடியிலேருந்து தண்ணி சொட்ட.”

பனி ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“எங்கிட்டயும் கனவுல வர்றான்,” என்றாள் கடைசியில். “ஆனா காய்ஞ்சு வர்றான். சட்டை மொடமொடன்னு இருக்கும். மேசையில உக்கார்ந்து சோளக்களி தின்னுட்டுப் போவான். அதான் நான் விடல. செத்தவன் அப்படிக் காய்ஞ்சு வருவானா?” பின்னலை மடித்துத் திண்டுக்குள் வைத்தாள். “அப்புறம் என்ன ஆச்சு அவளுக்கு?”

“காலையில கரைக்கு ஓடினா. உடம்பு மிதந்து வந்துச்சு. தண்ணியில குதிச்சா. ரெண்டு பேரும் பறவையா ஆனாங்க. அதோ அந்த மூலையில இருக்கறது. அவ அடைகாக்கிற பதினாலு நாள், இந்த டிசம்பர் நடுவுல, கடல் அசையாதுன்னு சொல்லுவாங்க.”

அவள் எழுந்து ஜன்னல் வழியே கடல் பக்கம் பார்த்தாள். பார்க்க ஒன்றுமில்லை, வெள்ளைதான். அன்று அவள் படத்து முகத்தின் மேல் கரி வைக்கவில்லை என்பதை, அவள் போய் வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்கு வரவில்லை. நான் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். கதை என்பது ஒரு பாவமும் அறியாத பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். புத்தகத்தில் இருக்கும், படத்தில் இருக்கும், மூடி வைத்தால் மூடியிருக்கும். காய்ந்த சட்டையோடு ஒருவன் ஒரு வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் அந்த வீட்டுக்குள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இனி அவன் எப்படி வருவான்?

திங்கட்கிழமை காலை அவள் சந்து வழியாக வந்தேன். கொடியில் அவளுடைய உடுப்புகள் மட்டும் தொங்கின. இரண்டு பாவாடை, ஒரு ரவிக்கை, நடுவில் இடம் விட்டு. என் கால்கள் நின்றுவிட்டன. கதவைத் தட்டலாமா என்று நினைத்தேன். தட்டவில்லை.

அவள் பின்னறையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிமூட்டை. விரல் கழுவிச் சுத்தமாக இருந்தது.

“நேத்து நனைஞ்சு வந்தான்,” என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அக்கா, நான் சொன்ன கதையால வந்த கனவு அது. நான் சொல்லாம இருந்திருந்தா…”

“சும்மா இரு. நீ சொன்னதுல வெங்காயம் இல்ல.” அவள் என்னைப் பார்க்கவில்லை. “வாசப்படியில நின்னான். உள்ள வரல. தரையெல்லாம் ஈரமாயிடும்ன்னான். இருபது வருஷமா காலைத் துடைக்காம உள்ள வந்தவன் அதைச் சொல்றான். நான் சொன்னேன், வெங்காயம் நிறையப் போட்டிருக்கேன், வாடான்னு. வரல. தண்ணி சொட்டிக்கிட்டே நின்னான்.”

மணி ஒன்பது அடித்தது. பல்மீரா இழுக்கும் கயிற்றின் முனகல்கூடக் கேட்டது.

“செத்தவங்களைக் கழுவி விடணும். எங்க அம்மாவைக் கழுவினேன். மாமியாரைக் கழுவினேன், அவ்வளவு திட்டு வாங்கினப்புறமும். இவனைத்தான் கடல் கொடுக்கல.” அவள் எழுந்து மேசைக்கு வந்தாள். “அந்தக் குச்சியைக் கொடு.”

அப்படிக் கொடுக்கக் கூடாது. முந்நூறு வருஷத்துப் படத்தை, கற்றுக்கொள்ளாத ஒரு கையிடம் கொடுப்பதற்காக என்னை வேலையை விட்டே அனுப்பலாம். கடைசிப் பஞ்சைக் குச்சியில் சுற்றி அவளிடம் கொடுத்தேன்.

“தேய்க்காதீங்க. உருட்டுங்க. எச்சியிலேயே கரையும்.”

அவள் குச்சியை வாயில் வைத்து நனைத்தாள். குனிந்தாள். இடது உள்ளங்கையைத் தாங்குவது போல அந்தத் தலைக்கு அருகில் மேசைமேல் வைத்துக்கொண்டாள். புருவத்திலிருந்து ஆரம்பித்தாள். கருப்பு பஞ்சில் ஏறியது. மறுபடி நனைத்தாள். சொல்லித்தர ஒன்றுமே இருக்கவில்லை. காதுமடலின் பின்புறத்தைக்கூட அவள் விடவில்லை.

மெல்ல மெல்ல ஒருவன் வந்தான். இளைஞன். வாய் சற்றே திறந்திருந்தது, கேட்க வேண்டியதைப் பாதியில் மறந்தவன் போல. மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. கன்னமெல்லாம் செம்பு நிறம், ஆனால் நெற்றியின் பாதியில் ஒரு கோடு, அதற்கு மேலே பால் வெள்ளை.

அவள் கை நின்றது.

“இவனா ராஜா? கிரீடம் வெச்சவனுக்கு இந்தக் கோடு விழுமா? இது தொப்பிக் கோடு. கடலுக்குப் போறவன்.”

நானும் பார்த்தேன். ஓவியர் ராஜாவை வரைவதற்கு யாரையோ கரையிலிருந்து கூப்பிட்டுப் படுக்கவைத்திருக்கிறார். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கிறான். கோடு கழலவில்லை.

“எந்த வீட்டுப் பையனோ,” என்றாள். முகத்தை இப்படியும் அப்படியுமாகப் பார்த்தாள். “மூக்கைப் பார்த்தா உங்க ஊமையன் வீட்டு மூக்கு மாதிரி இருக்கு. எங்க ஆளு இல்ல. துல்லியோவுக்கு முன்பல் பாதி கிடையாது. இவனுக்கு எல்லாம் முழுசா இருக்கு.”

“எங்க ஆளு இல்ல,” என்று இன்னொரு தடவை சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் வந்தது. குச்சியை விடாமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அவளுக்குப் பக்கத்தில், அவள் சால்வை என் மேல் படும் அளவுக்கு நெருங்கி நின்றேன்.

வாசலில் வாளியோடு பல்மீரா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

ஜெல்மினா மூக்கைச் சிந்திக்கொண்டு அவளிடம் சொன்னாள்: “சாமிகிட்டப் போய்ச் சொல்லு. அவன் பேரையும் படிக்கட்டும். துல்லியோன்னு மட்டும் படிச்சாப் போதாது, நண்டு வீட்டுத் துல்லியோன்னு படிக்கணும். இந்த ஊர்ல ஆறு துல்லியோ இருக்கான்.”

“ஏழு,” என்றாள் பல்மீரா. வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஜெல்மினா துணிமூட்டையை அவிழ்த்தாள். நீலக் கோடு போட்ட சட்டை. காய்ந்து, மடித்து, துவைத்துத் துவைத்து நூல் தெரியும் அளவுக்கு மெத்தென்று இருந்தது.

“நைஞ்ச துணி கேட்டியே.”

“இதையா அக்கா? வேண்டாம்.”

“ஏன்? இதைவிட யார் அதிகமாத் துவைச்சிருப்பா?”

நான் கையில் வாங்கினேன். என்னால் கிழிக்க முடியவில்லை. அவள் அதைத் திரும்ப வாங்கி, விளிம்பைப் பல்லால் கடித்து விட்டு, இரண்டு கையாலும் இழுத்தாள். நேராக, தோளிலிருந்து கீழ்வரை, ஒரே சத்தம். அந்த வாரத்தில் தீவில் கேட்ட மிகப் பெரிய சத்தம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு இன்னொரு துண்டு. இன்னொன்று.

முதல் துண்டைக் குச்சியில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இவனுக்குக் கால் கழுவுறது மிச்சம் இருக்கு,” என்றாள்.